குழந்தை எங்கே? 'நெய்பர்ஸ்' படக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் நிக்கோலஸ் ஸ்டோலர் அவர்களுக்கும், கதை எழுதிய ஆண்ட்ரூ ஜே கோஹன், பிரெண்டன் ஓ'பிரையன் ஆகியோருக்கும், தயாரித்து நடித்த சேத் ரோகன் அவர்களுக்கும், உடன் தயாரித்த இவான் கோல்ட்பர்க், ஜேம்ஸ் வீவர் ஆகியோருக்கும்,

வணக்கம்.

உங்களில் எவருக்கும் தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். திறந்த மடல் என்பது மதில் சுவருக்கு மேலாகப் பேசுவதைப் போன்றது. யாரை நோக்கிப் பேசுகிறோமோ அவர் காதில் விழாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் காதில் விழுந்துவிடும். பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் படம் எடுத்தவர்களுக்கு இந்த வழியில் எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

2014-ஆம் ஆண்டு மே 9 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான உங்கள் 'நெய்பர்ஸ்' படத்தை நான் பல ஆண்டுகள் கழித்து, கைக்குழந்தைக்காரியான பிறகுதான் பார்த்தேன். படத்தின் நீளம் 97 நிமிடம். எனக்கு அது மூன்று இரவுகள் பிடித்தது. கைப்பேசியின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, மறு காதைத் தூளிக்கு ஒதுக்கிவிட்டு, உங்கள் மாணவர்களின் கூத்தைப் பார்த்தேன். விறுவிறுப்பான கட்டத்தில் தூளிக் கம்பி கிரீச்சிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். மறுநாள் இரவு பதினொன்றரைக்கு அந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இவ்வாறு துண்டு துண்டாகப் பார்த்ததனால்தானோ என்னவோ, ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத் தோன்றாத ஒரு கேள்வி எனக்கு ஒவ்வொரு இரவும் தோன்றிக்கொண்டே இருந்தது. குழந்தை எங்கே?

படத்தைப் பார்க்காத அக்கம்பக்கத்தாருக்காகக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மேக், கெல்லி ராட்னர் என்ற இளம் தம்பதியர், கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய வீட்டில், ஸ்டெல்லா என்ற பெண் குழந்தையோடு குடியிருக்கிறார்கள். மேக்காக சேத் ரோகன், கெல்லியாக ரோஸ் பைர்ன். பக்கத்து வீட்டை ஒரு கல்லூரி மாணவர் சங்கம் வாங்கிக் குடியேறுகிறது. ஃப்ரடெர்னிட்டி என்று அமெரிக்கர்கள் சொல்லும் அந்தச் சங்கங்களில் ஒன்று அது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொண்டு, ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்ந்து, இரவெல்லாம் குடித்துக் கொண்டாடும் இளைஞர் கூட்டம். தலைவன் டெடியாக ஸாக் எஃப்ரான், துணைத்தலைவன் பீட்டாக டேவ் ஃப்ராங்கோ. முதல் நாள் நட்பாகத்தான் தொடங்குகிறது. சத்தம் அதிகமானால் காவல்துறையை அழைக்காமல் முதலில் தன்னை அழைக்கும்படி டெடி வாக்குறுதி வாங்கிக்கொள்கிறான். மறுநாள் இரவு அவன் அழைப்பை எடுக்கவில்லை. இவர்கள் பெயர் சொல்லாமல் காவல்துறையை அழைக்கிறார்கள். வந்த காவலரோ அழைத்தது இவர்கள்தான் என்று வாசலிலேயே போட்டுடைத்துவிடுகிறார். அப்புறம் போர்தான்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுவதுதான் முறை. படத்தின் முதல் அரை மணி நேரத்தை, குழந்தை வளர்ப்பைப் பற்றி நான் திரையில் பார்த்த மிக நேர்மையான காட்சிகளில் ஒன்றாகவே வைப்பேன். கணவனும் மனைவியும் நடுக்கூடத்தில் நாற்காலியில் கலவி கொள்ள முயல்கிறார்கள். குழந்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எல்லாம் நின்றுபோகிறது. கொச்சையான காட்சிதான். ஆயினும் ஒரு கைக்குழந்தையின் வட்டக் கண்களில் நீதிபதியின் பார்வை இருப்பதை அறிந்தவர்களால்தான் அதை எழுத முடியும். அதைவிடவும் சிறந்தது அடுத்து வருகிறது. தோழி ஓர் இரவுக் கொண்டாட்டத்துக்கு அழைக்க, குழந்தையையும் தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்று இருவரும் துணிகிறார்கள். பையில் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைக்கிறார்கள். பை நிறைகிறது, இன்னொரு பையும் நிறைகிறது. எல்லாம் கட்டி முடித்தபோது, கிளம்பிய கோலத்திலேயே உறங்கிப்போகிறார்கள். வெளியே கிளம்புவதற்கு ஆகும் வேலையே வெளியே போகும் ஆசையைக் கொன்றுவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நான் சத்தமில்லாமல் சிரித்ததில் கட்டில் குலுங்கி என் மகள் விழித்துக்கொண்டாள். முதல் இரவு அத்துடன் முடிந்தது.

மாணவர்களிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்பாக, அதைக் கிழடு தட்டாத தொனியில் எப்படிச் சொல்வது என்று இருவரும் ஒத்திகை பார்க்கும் காட்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கண்டிப்போடு பேசினால் பகை, சிரித்துப் பேசினால் இளக்காரம். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய குரலை எல்லா ஊரிலும் மனிதர்கள் கண்ணாடி முன் நின்று தேடியிருப்பார்கள். உங்கள் நாயகர்களுக்கு அதில் கூடுதலாக ஒரு வலி இருக்கிறது. தாங்கள் இன்னும் அந்த இளைஞர்களின் பக்கம்தான் என்று நம்ப விரும்புகிறார்கள். பேட்மேன் என்றவுடன் மேக்குக்குப் பழைய படங்களில் அந்த வேடமிட்ட மைக்கேல் கீட்டன் நினைவுக்கு வருகிறார், டெடிக்குப் பிந்தைய படங்களின் கிறிஸ்டியன் பேல். அந்த ஒரு வேறுபாட்டில் மேக்கின் வயது முழுதும் வெளியே வந்துவிடுகிறது. சத்தத்தால் அவர்களுக்கு உறக்கம் கெடுகிறது என்பது மேலுக்குச் சொல்லும் காரணமே. அந்தச் சத்தத்துக்குள் தங்களுக்கு இடமில்லை என்பதே அவர்களை உறங்கவிடாமல் செய்கிறது. இதை நீங்கள் அறிந்து எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வகைப் படங்களில் கணவன் கோமாளித்தனம் செய்வான். மனைவி இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கடிந்துகொள்வாள். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான். நீங்கள் ரோஸ் பைர்னுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அவர் தம் ஆஸ்திரேலிய உச்சரிப்போடு, கணவனை விடவும் ஒரு படி மேலான சூழ்ச்சிக்காரியாக, பீட்டையும் டெடியின் காதலியையும் கோத்துவிட்டு இரண்டு நண்பர்களைப் பிரிக்கிறார். அதற்கு நடுவில் ஒரு சண்டை வருகிறது. நம் இருவரில் ஒருவராவது பொறுப்போடு இருக்க வேண்டாமா, அது நீதானே என்று மேக் கேட்க, நான் ஏன் அந்த ஒருத்தியாக இருக்க வேண்டும், உன் அளவுக்குப் பொறுப்பற்றவளாக இருக்க எனக்கும் உரிமை உண்டு என்று கெல்லி திருப்பிக் கேட்கிறாள். அசட்டுக் கணவன் வேடங்களுக்குப் பெயர்போன நடிகர் கெவின் ஜேம்ஸின் வகைப் படங்களைப் பெயர் சொல்லியே அந்த உரையாடலில் நீங்கள் கேலி செய்கிறீர்கள். அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. இடது கையில் தலை வைத்துக் குழந்தை உறங்கியதால் தட்டவில்லை.

என் புகார் சரியாக இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பழைய படங்களில் கடிந்துகொள்ளும் மனைவி எவ்வளவு சலிப்பூட்டினாலும், ஒரு வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. நீங்கள் அவளை விடுவித்தீர்கள், மிக நல்லது. விடுவித்தபோது அவள் கையிலிருந்த குழந்தையை யாரிடம் கொடுத்தீர்கள்? மேக்கின் கையிலா? அவன் நள்ளிரவில் பக்கத்து வீட்டின் நிலவறைக் குழாயை உடைத்துக்கொண்டிருக்கிறான். கெல்லியின் கையிலா? அவள் விருந்தில் நின்று இளைஞர்களைக் கோத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். பொறுப்பின்மையைக் கணவனுக்கும் மனைவிக்கும் சரிபாதியாகப் பங்கிட்ட கதை, பொறுப்பைப் பங்கிடாமலே விட்டுவிட்டது. விளைவு என்னவென்றால், படத்தின் மிகப் பொறுப்பான பாத்திரம் ஸ்டெல்லாதான். வேண்டும்போது சிரிக்கிறாள், வேண்டாதபோது உறங்குகிறாள், போர் நடக்கும் வேளைகளில் காணாமலே போய்விடுகிறாள். இப்படி ஒரு சமர்த்துக் குழந்தை எனக்கு வாய்த்திருந்தால் பக்கத்து வீட்டில் பட்டாசுத் தொழிற்சாலையே வந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

முதல் விருந்து இரவில் நீங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றதை மறக்கவில்லை. இருவரும், குழந்தையின் அழுகையைத் தொலைவிலிருந்தே கேட்க உதவும் பேபி மானிட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் சிறு கருவி நடனக் கூட்டத்துக்கு நடுவே கையில் இருப்பது வேடிக்கையான காட்சி. அதோடு அச்சமூட்டும் காட்சியும்கூட. சிந்தித்துப் பாருங்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதே கேட்காதபோது, மானிட்டரில் வரும் ஒரு சிணுங்கல் எப்படிக் கேட்கும்? அந்தக் கருவியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, உடலால் ஆடிக்கொண்டு, முகத்தால் செவிமடுத்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன், நகைச்சுவைக்கு எத்தனை பெரிய புதையல்! நீங்கள் அந்தப் புதையலின் மேல் ஏறி நின்று போதைக் காளான் தின்னும் காட்சியை எடுத்திருக்கிறீர்கள். ஒரு காதில் இயர்போனும் மறு காதில் தூளியுமாக உங்கள் படத்தையே பார்த்தவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

குழந்தையை ஏன் அடிக்கடி காட்ட முடியவில்லை என்பதற்குச் சட்டம் ஒரு காரணம் என்பதை அறிவேன். கலிபோர்னியாவில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தை படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் இருக்கலாம். அதிலும் இரண்டு மணி நேரம்தான் நடிக்கலாம். ஆறு மாதம் நிறையாத சிசுவானால் தளத்தில் இரண்டு மணி நேரம், நடிப்புக்கு இருபதே நிமிடம். அதுவும் செவிலியர் உடனிருக்க வேண்டும், கடும் விளக்கொளி முப்பது வினாடிக்கு மேல் தொடர்ந்து படக்கூடாது. மிக நல்ல சட்டம். ஸ்டெல்லாவாக எலீஸ், ஸோயி என்ற வர்காஸ் இரட்டைக் குழந்தைகளை நீங்கள் நடிக்கவைத்ததும், ஒரு குழந்தையின் நேரம் முடிந்தவுடன் மற்றதைத் தூக்கிக்கொள்ளலாம் என்ற இந்தக் கணக்கினால்தான். திரைத்துறை கண்டுபிடித்த இந்த வழியைப் பெற்றவர்கள் பொறாமையோடுதான் பார்க்க முடியும்; எங்களுக்கு மாற்றுக் குழந்தை கிடையாது. ஆனால் குழந்தையைக் காட்டாமலே குழந்தை இருப்பதைக் காட்ட முடியும் என்பது இயக்குநருக்குத் தெரியாததில்லை. தோளில் காய்ந்துபோன பால் கக்கிய கறை, உரையாடலின் நடுவே தன்னை அறியாமல் ஆடிக்கொண்டிருக்கும் கால், வெறும் கையோடு நிற்கும்போதும் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் நிலை. இவற்றுக்கு எந்தச் சட்டமும் நேர வரம்பு வைக்கவில்லை.

படம் கொச்சையானது என்பதில் எனக்கு வருத்தமில்லை என்பதையும் தெளிவாக்க விரும்புகிறேன். இடைவிடாத வசைச் சொற்கள், கடும் ஆபாசம், அப்பட்டமான நிர்வாணம், படம் நெடுகப் போதைப்பொருள் என்று காரணங்களை அடுக்கி அமெரிக்கத் தரச்சான்றுக் குழு இப்படத்துக்கு 'ஆர்' சான்றிதழ் கொடுத்தது. பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோடோ பெரியவரான பாதுகாவலரோடோதான் வர வேண்டும் என்பது அதன் பொருள். (கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் எந்தத் திரையரங்குக்கு வரப் போகிறார்கள் என்பதை அந்தக் குழு யோசித்திருக்காது.) பிள்ளை பெற்ற வீட்டில் கொச்சை என்பது அன்றாடம். யார் யாரோ கதவைத் தட்டாமல் வந்து உடலைப் பார்த்துப் போன பிறகு, தையல் ஆறியதா, மலம் போயிற்றா என்று மாமியார் முன்னிலையிலேயே கேட்கப்பட்ட பிறகு, குழந்தையின் மலம் மஞ்சளா பச்சையா என்று சாப்பாட்டுத் தட்டின் முன் விவாதித்த பிறகு, ஒரு பெண்ணுக்கு எந்த ஆபாச வசனம் புதிதாக இருக்க முடியும்? வளைகாப்பு வீட்டில் ஆண்கள் வெளியேறிய பிறகு பெரியம்மாக்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் உங்கள் மாணவர் சங்கத்தார் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

எனவேதான் பால் கட்டிக்கொள்ளும் காட்சி எனக்கு இந்தப் படத்தின் உச்சம். கெல்லி மது அருந்திவிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாது. பால் எடுக்கும் பம்பும் கைகொடுக்கவில்லை. மார்பு கல்லாக இறுகி வலியில் துடிக்கிறாள். கணவன்தான் கறந்தாக வேண்டும். அருவருப்பும் அன்பும் பதற்றமும் ஒன்றாகக் குழம்பி, பால் அவன் முகத்தில் பீய்ச்சியடிக்கிறது. பல விமர்சகர்கள் இதைக் கீழ்த்தரமான காட்சி என்று முகம் சுளித்திருக்கலாம். நான் அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பால் கட்டிய வலி என்பது ஆண்களுக்கு எந்த உவமையாலும் விளக்க முடியாத ஒன்று. வெந்நீர் ஒத்தடம், பீர்க்கங்காய்ப் பதத்துக்கு இறுகிவிட்ட மார்பை நீவிவிடுதல், குழந்தை குடிக்க மறுத்தால் இன்னொரு வீட்டுக் குழந்தையை வாங்கி ஊட்டுதல் என்று எங்கள் பாட்டிமார்களிடம் ஒரு மருத்துவமே இருந்தது. பாலை வற்றவைப்பதற்கு மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முறைப்படி ஆராய்ந்து, மாத்திரைக்கு ஈடாகவே பயன் தருகிறது என்று 1988-இல் எழுதினார்கள். கெல்லிக்குப் பாட்டியும் இல்லை, மல்லிகையும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அருவருப்பில் அலறும் ஒரு கணவன். ஆனாலும் அவன் ஓடிவிடவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் காட்டிய தாம்பத்தியம், படத்தின் மற்ற எல்லா ரப்பர் ஆணுறுப்புச் சண்டைகளையும்விடக் கொச்சையானது, அவற்றையெல்லாம்விட உண்மையானது. ஆனால் வலி நீங்கியவுடன் காட்சி முடிந்துவிடுகிறது. பசியோடு காத்திருந்த ஸ்டெல்லா என்ன குடித்தாள், எவ்வளவு அழுதாள் என்பது யாருக்கும் நினைவில்லை.

இன்னொரு காட்சி இதற்கு நேரெதிர். விருந்துக்கு மறுநாள் புல்வெளியெங்கும் குப்பை. ஸ்டெல்லா அங்கே கிடந்த ஆணுறையை எடுத்து வாயில் வைத்து மெல்கிறாள். பெற்றோர் அலறியடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். மருத்துவரோ குழந்தைக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லிவிட்டு, விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார். இதில் எனக்குக் குறை ஆபாசம் பற்றியதன்று. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் பருவத்துக் குழந்தை உள்ள வீட்டில், பெற்றவர்களின் கண் எப்போதும் தரை மட்டத்திலேயே இருக்கும். கீழே விழுந்த ஒற்றை உளுந்தை, உதிர்ந்த பூவின் காம்பை, பேனா மூடியை, நாணயத்தை நாங்கள் குழந்தைக்கு முன்பாகப் பார்த்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் அரிசி புடைக்கும் நாள் எனக்குப் போர்க்கால நாள். அவ்வளவு பெரிய அதிர்ச்சி நிகழ்ந்த பிறகு மேக்கும் கெல்லியும் ஒரு முறையேனும் குனிந்து தரையைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் புல்வெளியைக் கையால் தடவித் தடவிக் குப்பை பொறுக்கும் இரண்டு நிமிடம் இருந்திருந்தால், அதற்குப் பின் அவர்கள் தொடுக்கும் போர் பெற்றோரின் போராக இருந்திருக்கும். இப்போது அது இரண்டு மாணவர் விடுதிகளுக்கு இடையிலான போராகத்தான் இருக்கிறது. விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பைகளை மேக்கின் காரிலிருந்து மாணவர்கள் கழற்றி நாற்காலிகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, மேக்கை அலுவலகக் கூரை வரை தூக்கி எறியச் செய்வது நல்ல வேடிக்கைதான். எனக்கோ அந்தக் காரின் பின் இருக்கை நினைவுக்கு வந்தது. காற்றுப்பை இல்லாத அந்தக் காரில் குழந்தையை வைத்து எத்தனை நாள் ஓட்டினார்கள்? மேக்குக்கு அந்த எண்ணம் வந்ததாகத் தெரியவில்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இசை அதிரும் இரவுகளில் ஸ்டெல்லா உறங்குவது பொய் என்று முதலில் எழுத நினைத்தேன். பிறகு என் மகள் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் முழங்கிய கெட்டிமேளத்தில் வாய் பிளந்து உறங்கியது நினைவுக்கு வந்தது. அதே குழந்தை, அன்று இரவு நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த சரசரப்பில் எழுந்துவிட்டாள். பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி, கண்கள் இமைக்குள் அசையும் மெல்லிய உறக்கம் என்பார்கள். எந்தச் சத்தத்துக்கு எழும், எதற்கு எழாது என்பதை எந்தத் தாயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் ஸ்டெல்லா உறங்கலாம். ஆனால் அந்த முன்கூட்டிச் சொல்ல முடியாமை உங்கள் கதையில் இல்லை. உறங்கும் குழந்தையின் அறைக்கு வெளியே இரண்டு பெரியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் அச்சம் இல்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் திடீரென நின்றவுடன் குழந்தை விழித்துக்கொள்ள, சத்தத்தைத் திரும்ப வையுங்கள் என்று மேக் டெடியிடம் போய்க் கெஞ்ச வேண்டிய நிலை வந்திருந்தால், நான் நான்காவது இரவையும் மகிழ்ச்சியோடு இழந்திருப்பேன்.

படத்தில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது, அந்த வீட்டுக்கு எந்தப் பெரியவரும் வந்து தங்கிக் கைகொடுப்பதில்லை என்பது. கெல்லியின் தாய்நாடு உலகின் மறுகோடி; அது புரிகிறது. மேக் காலையில் அலுவலகத்துக்குப் போய்விட்டால், பகல் முழுதும் அவளும் குழந்தையும் தனி. பிள்ளை பெற்றவர்களுக்கு உங்கள் நாட்டின் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பன்னிரண்டு வாரம் ஊதியமில்லாத விடுப்பு. கூட்டாட்சி அளவில் எல்லோருக்குமான ஊதிய விடுப்பு உங்கள் நாட்டில் இல்லை. எங்கள் நாட்டில் 2017 முதல் 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது, அதுவும் முறையான பணியிடங்களில் இருக்கும் பெண்களுக்கு மட்டும். எனக்கு மூன்று மாதம் அம்மா வீடு வாய்த்தது. லேகியமும் பத்தியச் சோறும் அறிவுரையும் அளவுக்கு மீறியே கிடைத்தன. நான்காவது மாதம் அந்தக் கைகள் விலகியபோதுதான் தனிமை எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மாலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டில் யாராவது சிரித்தால் எனக்குக் கண் கலங்கும். கெல்லி பக்கத்து வீட்டுக் கூட்டத்தைப் பார்த்து ஏங்குவதன் காரணம் இதுவாக இருக்கலாம் என்று நானாக நிரப்பிக்கொண்டேன். அவளுடைய ஒரு பகற்பொழுதையேனும் நீங்கள் முழுதாகக் காட்டியிருந்தால் நான் நிரப்ப வேண்டியிருந்திருக்காது.

2016-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். மாணவியர் சங்கங்கள் தங்கள் வீட்டில் மது விருந்து நடத்தக்கூடாது, மாணவர் சங்கங்கள் நடத்தலாம் என்று அமெரிக்காவில் உண்மையாகவே நிலவும் வேறுபாட்டைக் கதையின் அச்சாக்கியது அருமை. வீடு கைமாறும் முப்பது நாள் கெடுவும் நல்ல நெருக்கடி. ஸ்டெல்லா அதில் நடக்கத் தொடங்கி, தாயின் படுக்கையறைக் கருவியைப் பொம்மையாகக் கட்டிக்கொண்டு திரிகிறாள். அந்த அளவுக்கேனும் அவளுக்கு ஒரு விருப்பம் வந்துவிட்டது. கெல்லி மறுபடியும் கருவுற்றிருக்கிறாள். இரண்டாவது குழந்தை என்றவுடன் எழும் கேள்விகளைக் கதை தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

உங்கள் முதல் படம் ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 27 கோடி டாலர் ஈட்டியது. சிலந்தி மனிதனின் படத்தையே முதலிடத்திலிருந்து கீழிறக்கிய அந்த முதல் வார இறுதியின் ஞாயிற்றுக்கிழமை, மே 11, அமெரிக்காவில் அன்னையர் தினம். திட்டமிட்டுச் செய்தீர்களோ தற்செயலோ, நான் அறியேன். அன்று அரங்குகளை நிறைத்தவர்களில் கைக்குழந்தைக்காரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எங்களைப் பற்றிய படத்தை எங்களைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இனி நீங்களோ, உங்கள் வழியில் வருகிறவர்களோ, கைக்குழந்தை உள்ள வீட்டைப் பற்றிச் சிரிப்புப் படம் எடுப்பீர்களானால், ஆபாசத்தைக் குறைக்க வேண்டாம், வேண்டுமானால் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா, முந்தைய ஷாட்டில் கோப்பையில் எவ்வளவு பீர் இருந்தது, சட்டையின் எந்தப் பொத்தான் கழன்றிருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது என்றெல்லாம் குறித்துவைப்பவர், அவருடைய ஏட்டில் இன்னும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நேராக, 'குழந்தை இப்போது யார் கையில்?' என்று அவர் அதில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு மதில் மேல் ஏறும் காட்சியானாலும், வாணவேடிக்கை வெடிக்கும் காட்சியானாலும், அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும். 'உறங்குகிறாள்' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்; எத்தனை மணிக்கு உறங்கினாள், கடைசியாக எப்போது பால் குடித்தாள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மூன்று இரவுகளில் உங்கள் படத்தைப் பார்த்து முடித்த ஒரு தாய்